புகை மாறிய கதை: யாழ்ப்பாணத்துச் சுருட்டு முதல் மின்சிகரெட்டு வரை

முன்னுரை

மனிதன் ஒரு தீய பழக்கத்தை விட மனமின்றி, அதற்கு நல்ல வடிவம் ஒன்றைத் தேடி அலைந்த வரலாறு நெடியது. அவ்வரலாற்றுக்குப் புகையிலையைப் போலப் பொருத்தமான சான்று பிறிதொன்றில்லை. சிகரெட்டினும் மின்சிகரெட்டு நன்று என்னும் கூற்று இந்நாளில் உலகெங்கும் கேட்கப்படுகின்றது. வைத்தியப் பேரவைகள் சில அதனை ஆதரிக்கின்றன. அரசுகள் பல அதனைத் தடுக்கின்றன. நம் மாணவர்தாமும் 'வேப்' என்னும் சொல்லை அறியாதவரல்லர். இக்கூற்று முற்றும் உண்மையா, முற்றும் பொய்யா, அன்றி ஒரு புடை உண்மையா என்பதனை உணர்ச்சிவயப்படாது ஆராய்தல் வேண்டும். அதற்கு வைத்திய நூலறிவு மாத்திரம் போதாது, வரலாற்றறிவும் வேண்டும். ஏனெனில், 'இது முந்தியதினும் தீங்கு குறைந்தது' என்ற சொல் நமக்குப் புதிதன்று. அச்சொல் முன்னர் எப்பொழுதெல்லாம் சொல்லப்பட்டது, எப்பொழுது மெய்யாயிற்று, எப்பொழுது பொய்யாயிற்று என்பனவற்றை நம் தீவகத்தை நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

துறையும் இலையும்

ஊர்காவற்றுறை பழைய துறை. சோழர் சாசனத்தில் 'ஊராத்துறை' எனப் பெயர் பெறுவது இதுவே. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் நயினாதீவில் உண்டு. பரதேசிகள் ஊராத்துறையில் வந்திறங்குதலையும், யானை குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் அரச பண்டாரத்துக்கும் உடையவனுக்கும் உரிய பங்கினையும் அது விதிக்கின்றது. வந்து போகும் பண்டத்திலிருந்து அரசு பங்கு பெறும் இடமாகவே இத்துறை வரலாற்றில் முதற்கண் தோற்றுகின்றது என்பதை நினைவிற் கொள்க. போர்த்துக்கேயர் இதனைத் தம் மொழியிற் 'துறை' எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். அதுவே ஆங்கிலேயர் வாயிற் 'கயிற்ஸ்' ஆயிற்று. ஒல்லாந்தரோ இத்தீவுக்கு இலெய்டன் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்றும் தம் நாட்டு நகரப் பெயர்களைச் சூட்டினர். துறைமுகத்தின் வாயிலிற் கடல் நடுவே நிற்கும் கோட்டை போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தியது.

புகையிலை நம் நாட்டுப் பயிரன்று. 1492இல் கொலம்பசுவின் மாலுமிகள் மேற்கிந்தியத் தீவுகளில் மக்கள் இலையைச் சுருட்டிப் புகைத்தலைக் கண்டனர். 1560ஆம் ஆண்டளவில் லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராயிருந்த ழான் நிக்கோ இவ்விலையைப் பாரிசு அரசவைக்கு மருந்தென அனுப்பினார். அவர் பெயரே 'நிக்கொட்டின்' என்னும் நஞ்சின் பெயராய் நிலைத்தது. புகையிலை முதன்முதல் மருந்தாகவே உலகிற் பரவியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. இந்து மாகடலின் கரைகளுக்கு இதனைக் கொணர்ந்தவர் போர்த்துக்கேயர். அவர் 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டனர்; 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஒல்லாந்தர் காலத்திலே புகையிலை யாழ்ப்பாணத்தின் தலையாய ஏற்றுமதிப் பயிராய் வளர்ந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்தபோது குடாநாட்டின் செல்வம் பெரும்பாலும் இவ்விலையிலேயே தங்கியிருந்தது.

இதற்குச் சிறந்த சந்தையாய் விளங்கியது திருவிதாங்கூர். அந்நாட்டார் வெற்றிலையோடு சேர்த்து மெல்லுதற்கு யாழ்ப்பாணத்துப் புகையிலையையே விரும்பினர். மலையாளத்தார் 'ஜாப்பாணம்' என்று இன்றும் சொல்வது இதன் எச்சமேயாகும். அந்நாட்டரசு புகையிலை வணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்து, வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் தானே குறித்துப் பெரும்பொருள் ஈட்டியது. 1860களில் திவான் மாதவராவ் காலத்திலே அத்தனியுரிமை நீக்கப்பட்டுத் தீர்வை முறை வந்தது. தனியுரிமை போயினும் அரசின் வருவாய் போகவில்லை. புகையிலையிலே வாழ்பவர் உழவரும் வணிகரும் மாத்திரமல்லர், அரசுகளுமே என்பதற்கு இஃது ஒரு பழஞ்சான்று. இக்காலத்தும் சிகரெட்டு வரி அரச வருவாயின் ஒரு கூறாக நிற்றலை எண்ணுக.

உழைப்பும் சுருட்டும்

புகையிலைச் செய்கை கடும் உழைப்பை வேண்டுவது. நிலத்திலே ஆடுமாடுகளைப் பட்டியடைத்தும், பூவரசு முதலியவற்றின் குழையைத் தாழ்த்தும், தீவகத்தில் கடலொதுக்கும் சாதாழையைப் புதைத்தும் எருவூட்டினர். துலாவினால் நீரிறைத்தனர். குருத்தை முறித்து, பக்கக் கணுக்களைக் கிள்ளி, இலை தடிப்பேறச் செய்தனர். வெட்டிய இலையைக் குடிலிலே தூக்கித் தென்னம்பொச்சு முதலியவற்றால் புகையூட்டிப் பதப்படுத்தினர். வேலணை முதலிய இடங்களின் தோட்டக்காரர் குடும்பம் பல இவ்வுழைப்பினாலேயே பிள்ளைகளைப் படிப்பித்தன. இதனை மறந்து புகையிலையைப் பழித்தல் எளிது, அது நன்றியுடைமையாகாது.

இலையிற் பிறந்த கைத்தொழில் சுருட்டு. சுருட்டுக் கொட்டில்களிலே தொழிலாளர் கை வேலை செய்ய, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். எழுத்தறியாதாரும் உலகச் செய்தி அறிந்தனர். பனங்கட்டி முதலியவற்றாற் காய்ச்சிய 'கோடா' என்னும் இனிப்பு நீரைத் தெளித்த சுருட்டு தனிச்சுவையுடைத்தென மதிக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை, காரைநகர் முதலிய ஊரவர் தென்னிலங்கைப் பட்டினங்கள் தோறும் சென்று கடை வைத்தனர். அக்கடைகள் 'சுருட்டுக்கடை' என்ற பொதுப்பெயரே பெற்றன. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அவற்றுட் பல அழிந்தமை பிறிதொரு துயர வரலாறு.

தமிழிலக்கியமும் இவ்விலையை ஏற்றது. சீனிச்சருக்கரைப் புலவர் பழனி முருகன்பாற் புகையிலையைத் தூதுவிட்டுப் பாடினார். வில்வமும் துளசியும் பெற்ற சிறப்பை நான்முகன் இலையென இதற்கும் கற்பிக்கும் நகைச்சுவை அந்நூலில் உண்டு. வந்தேறிய ஒரு செடி இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் புராணமும் தூதும் பெறுமளவுக்கு நம் வாழ்விற் கலந்துவிட்டது. பழக்கம் பழமையெனத் தோற்றுவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை.

தூய புகை தேடிய வரலாறு

புகையின் தீங்கைக் குறைத்துப் புகையை வைத்துக்கொள்ளும் எண்ணம் பழையது. 1604இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து நூல் எழுதினார். எழுதிப் பின் அதன்மீது பெருந்தீர்வையும் விதித்தார். அதே காலத்திற் பீசப்பூரிலிருந்து ஆசாத் பேகு என்பார் அக்பரின் அவைக்குப் புகையிலை கொணர்ந்தார். ஆராயாத பொருளை அரசர் கொள்ளலாகாதென அவை வைத்தியர் தடுத்தனர். புகையை நீரினூடே செலுத்தித் தூய்மை செய்ய உக்காவைக் கண்டவர் அவ்வவையின் வைத்தியர் அபுல் பத்து என்று ஒரு செவிவழிக் கதை கூறும். அவரோ 1589இலேயே இறந்தவர். ஆதலின் அக்கதை ஐயத்துக்குரியது. எனினும் கதையின் பொருள் தெளிவு: நீரிற் கழுவினாற் புகை நல்லதாகும் என மக்கள் நம்பினர். இக்கால ஆய்வோ நீர் புகையைக் குளிரச் செய்கின்றதேயன்றி அதன் நச்சை நீக்குவதில்லை எனக் காட்டுகின்றது. குளிர்ந்த புகை நெஞ்சைக் கடிப்பதில்லை. ஆதலின் ஆழ இழுக்கப்படுகின்றது. தீங்கு குறைந்திலது, தீங்கின் எச்சரிக்கையே குறைந்தது.

இவ்வாறே சிகரெட்டின் வரலாறும். 1880களில் பொன்சாக் என்பாரின் இயந்திரம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 200 சிகரெட்டுகளைச் சுற்றியது. கைச்சுருட்டு அதனோடு போட்டியிடல் அரிதாயிற்று. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. நிக்கொட்டின் வாயிலேயே உறிஞ்சப்படும். நெஞ்சுக்குள் இழுத்தாற் கடிக்கும். வெப்பக்காற்றிற் பதமாக்கிய சிகரெட்டுப் புகையிலையின் புகையோ அமிலத்தன்மையுடையது, மென்மையானது; ஆதலின் நுரையீரல் வரை எளிதிற் செல்லும். மென்மையே அதன் கொடுமைக்குக் காரணமாயிற்று. சுருட்டுத் தீதற்றதன்று, வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் விளைப்பதே. ஆயினும் நுரையீரற் புற்றுநோயை உலகப் பெருநோயாக்கியது சிகரெட்டே.

1950இல் இங்கிலாந்தில் டால், ஹில் என்போரும், அமெரிக்காவில் வைண்டர், கிரகாம் என்போரும் சிகரெட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தனித்தனி வெளியிட்டனர். அறிவு வந்தபின் பழக்கம் ஒழிந்திருத்தல் வேண்டும், நிகழ்ந்தது வேறு. உற்பத்தியாளர் 'வடி' பொருத்திய சிகரெட்டைக் கொணர்ந்தனர். 1952இல் அமெரிக்காவில் பெருவிளம்பரத்தோடு வந்த கென்ட் என்னும் சிகரெட்டின் வடியிலே கல்நார் கலந்திருந்தது. 1956 வரை நலம் நாடி அதனைப் புகைத்தோர் புற்றுநோய் விளைக்கும் பிறிதொரு பொருளையும் உடன் இழுத்தனர். அதன்பின் 'இலேசான' சிகரெட்டுகள் வந்தன. புகைப்போர் குறைந்த நிக்கொட்டினை ஈடுசெய்ய ஆழவும் அடிக்கடியும் இழுத்தமையாற் பயனொன்றும் விளைந்திலது. அச்சொற்களால் நிறுவனங்கள் மக்களை ஏமாற்றின என 2006இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீர், வடி, இலேசு என்னும் மூன்றும் இவ்வாறு பொய்த்தன. மூன்றுக்கும் பொதுக்குறை ஒன்றே: மூன்றும் எரியும் இலையின் புகையையே கொடுத்தன.

மின்சிகரெட்டின் தோற்றமும் நன்மையும்

அக்குறையை மின்சிகரெட்டு நீக்குகின்றது என்பதே அதன் ஆதரவாளர் வாதம். வாதம் வலியுடையது. எரியாத சிகரெட்டுக்கு அமெரிக்கரான எர்பர்ட் கில்பர்ட் 1963இலேயே உரிமை கேட்டு, 1965இற் பெற்றார்; ஆயின் அது சந்தைக்கு வந்திலது. இக்கால மின்சிகரெட்டை ஆக்கியவர் ஹோன் லிக் என்னும் சீன மருந்தாக்கவியலாளர். தாமே பெருஞ்சிகரெட்டுப் பழக்கமுடைய அவர், தந்தையை நுரையீரற் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2003இல் இதற்கு உரிமை கோரினார். அதன் அமைப்பு எளியது. மின்கலம் ஒரு சிறு கம்பிச் சுருளைச் சூடாக்கும், புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், நிக்கொட்டின், சுவைப்பொருள் என்பன கலந்த நீர்மம் அச்சூட்டினால் ஆவித்துளிகளாகும், அதனையே இழுப்பர்.

இழுக்கும்போது சிகரெட்டின் நுனி ஏறத்தாழ 900 பாகை வெப்பமடையும். அந்நெருப்பிலே பிறக்கும் புகையிற் பல்லாயிரம் வேதிப்பொருள்கள் உள. அவற்றுள் 70 அளவில் புற்றுநோய் விளைப்பன என்பர். தாரும் காபனோரொட்சைட்டும் நெருப்பின் பிள்ளைகள். மின்சிகரெட்டில் நெருப்பில்லை, ஆதலின் தாரும் காபனோரொட்சைட்டும் அங்குப் பிறவா. பிற நச்சுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்த அளவின. மனிதர் புகைப்பது நிக்கொட்டினுக்காக, மாள்வது தாரினால் என்னும் கருத்தை இலண்டன் மனநோய் வைத்தியர் மைக்கல் றசல் 1976இலேயே விளக்கியிருந்தார். அக்கருத்தே இதன் அடிப்படை.

இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015இல் மின்சிகரெட்டுச் சிகரெட்டினும் ஏறத்தாழ 95 வீதம் தீங்கு குறைந்தது என மதிப்பிட்டது. அவ்வெண் அளந்து பெற்றதன்று, அறிஞர் சிலரின் கணிப்பு என்ற கண்டனமும் அன்றே எழுந்தது. இலண்டன் அரச வைத்தியர் கல்லூரியும் 2016இல் ஏறக்குறைய அதே முடிபுக்கு வந்தது. புகையை விடுதற்கு இது துணையாகுமா என்பதற்கு இங்கிலாந்தில் 886 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு சான்று. ஓராண்டின் பின் மின்சிகரெட்டுப் பெற்றோரில் 18 வீதத்தினரும், நிக்கொட்டின் ஒட்டு முதலியன பெற்றோரில் 9.9 வீதத்தினரும் சிகரெட்டை விட்டிருந்தனர். பயன் இருமடங்கு எனினும், பெற்றோருள் ஐவரில் நால்வர் விட்டிலர் என்பதையும் உடன் நோக்குக.

மறுபுறம்

இனி மறுபுறம் காண்பாம். முதலாவது, 'தீங்கு குறைந்தது' என்பது 'தீங்கற்றது' ஆகாது. ஆவியில் போர்மல்டிகைட்டும் உலோகத் துகள்களும் சிறிதளவில் உள. இருபது ஆண்டு வயதுடைய பொருளுக்கு ஐம்பது ஆண்டு விளைவை எவரும் கூறல் இயலாது. சிகரெட்டின் விளைவு முழுவதும் தெளிவாதற்கு அரை நூற்றாண்டு சென்றது. டால் முதலியோர் 1951இற் பிரித்தானிய வைத்தியரிடையே தொடங்கிய ஆய்வு 2004இலேயே ஐம்பதாண்டு முடிபைத் தந்தது: புகைப்போர் புகையாதாரினும் சராசரி பத்தாண்டு முந்தி இறக்கின்றனர்.

இரண்டாவது, ஒழுங்கற்ற சந்தையின் ஆபத்து. 2019இல் அமெரிக்காவில் ஆவியிழுத்தோர் பலர் நுரையீரல் கெட்டு வீழ்ந்தனர். 2020 பெப்ரவரிக்குள் மருத்துவமனை சேர்ந்தோர் 2,807, இறந்தோர் 68. கஞ்சாச் சத்து நீர்மங்களிற் கலந்த விற்றமின் ஈ அசிற்றேற்று என்பதே முதன்மைக் காரணமென அறியப்பட்டது. குற்றம் நிக்கொட்டின் மின்சிகரெட்டினதன்று; எனினும் குப்பியினுள் இருப்பது யாதென வாங்குவோன் அறியான் என்ற உண்மை நிற்கின்றது.

மூன்றாவதும் பெரியதும் இளைஞர் பற்றியது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவருள் மின்சிகரெட்டுப் பாவித்தோர் 2011இல் 1.5 வீதம், 2019இல் 27.5 வீதம். 2024இல் அது 7.8 ஆகக் குறைந்தது. இப்பெருக்கத்துக்குக் காரணம் யாது? நிக்கொட்டினோடு அமிலம் சேர்த்து உப்பாக்கியமையால் ஆவி மென்மையாயிற்று. பழச்சுவையும் இனிப்பும் சேர்ந்தன. முன்னர்ச் சிகரெட்டின் மென்மை செய்த வேலையை இம்மென்மை செய்தது. நம் கோடாவின் இனிப்புச் செய்த வேலையைப் பழச்சுவை செய்தது. வரலாறு தெரிந்தார்க்கு இதில் வியப்பொன்றுமில்லை.

நமக்குரிய நிலை

இலங்கை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தாற் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபையை நிறுவியது. புகையற்ற புகையிலைப் பொருள்களையும், புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுகளையும் 2016இன் ஒழுங்குவிதி தடுத்தது. இந்தியா 2019இல் தனிச் சட்டத்தால் மின்சிகரெட்டை முற்றாகத் தடுத்தது. சிகரெட்டோ இரு நாட்டிலும் எச்சரிக்கைப் படத்தோடு கடையில் விற்கப்படுகின்றது. கொடியதற்கு உரிமமும் கொடுமை குறைந்ததற்குத் தடையும் இருத்தல் முறையோ என்று ஆதரவாளர் வினாவுவர். வினா நேர்மையானதே. அதற்குரிய விடை சிகரெட்டையும் அருகச் செய்தலேயன்றி, இரண்டாவது வாயிலொன்றைத் திறந்து வைத்தலன்று.

நம் தீவகத்தார் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். 'புகையற்றது' என்ற சொல்லை நாம் வெற்றிலைத் தட்டத்திலேயே கண்டவர்கள். நெருப்பின்றி மென்ற புகையிலை நுரையீரலைச் சுடாது, வாயைச் சுடும். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இற் கூறியது. 2004இற் பாக்கே தனித்தும் அத்தகையது என்றது. இலங்கை ஆடவரிடையே வாய்ப்புற்றுநோய் முன்னிற்றற்கு இப்பழக்கமே தலையாய காரணம். சுவீடன் நாட்டார் உதட்டிடை அடக்கும் தூளோ இவ்வளவு தீங்கு செய்திலது. ஆதலின் 'புகையில்லை' என்னும் ஒரு சொல்லைக் கொண்டு நன்மை தீமை துணிதல் கூடாது; பொருள் யாது, அளவு யாது, யார் பாவிக்கின்றார் என்பனவே துணிபுக்கு வழி.

இவ்வளவைகளாற் பெறப்படும் முடிபு இரண்டு. நெடுங்காலம் சிகரெட்டுப் புகைத்து, வேறு வழிகளால் விடமாட்டாதவன் ஒருவன், வைத்தியர் அறிவுரையோடு, சட்டம் இடந்தரும் நாட்டில், சிகரெட்டை முற்றாக விட்டு மின்சிகரெட்டுக்கு மாறுதல் அவனுக்கு நன்மையே. இரண்டையும் சேர்த்துப் பிடித்தலில் அந்நன்மை இல்லை. புகையாத ஒருவன் அதனைத் தொடுதல் தீமையே. அவனுக்கு ஒப்புநோக்க வேண்டிய சிகரெட்டில்லை, தூய காற்றே உண்டு. ஒரே பொருள் ஒருவனுக்கு இறங்கும் படியாகவும் மற்றவனுக்கு ஏறும் படியாகவும் அமைகின்றது. ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் வாதிடுவது பெரும்பாலும் இவ்விருவருள் ஒருவனை மாத்திரம் கண்டேயாம்.

முடிவுரை

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் கேள்வி இன்னும் எஞ்சுகின்றது. 2020ஆம் ஆண்டளவிற் புகையிலைச் செய்கை ஒழிக்கப்படும் என்று அரசு முன்னர் அறிவித்தது, அஃது நிறைவேறவில்லை. மாற்றுப்பயிரும் அதற்கு நிலையான விலையும் அமையாமல் ஆணை மாத்திரம் பயிரை மாற்றாது. திருவிதாங்கூர்ச் சந்தையின் ஏற்றத்தாழ்வினாற் பலகாலும் வருந்தியவர் நம் முன்னோர். சந்தை ஒன்றை நம்பிய வாழ்வின் இடர் அவர் மரபினர்க்குப் பிறர் கூற வேண்டியதன்று. வெங்காயமும் மிளகாயும் பிறவும் அம்மண்ணிலேயே விளைகின்றன. அவற்றுக்குக் களஞ்சியமும் கடனும் விலையும் உறுதிசெய்தலே அரசின் கடமை.

மாணவர்க்குக் கூறத்தக்கது சிறிதே. நீர் புகையைக் கழுவும் என்றனர். வடி நஞ்சைத் தடுக்கும் என்றனர். இலேசானது நலம் என்றனர். இப்பொழுது சொல்லப்படுவதில் முன்னவற்றினும் உண்மை மிகுதி. அதனை மறுத்தல் அறிவுடைமையன்று. ஆயினும் அவ்வுண்மை புகையினின்று வெளியேற விரும்புவார்க்கு உரியதேயன்றி, உட்புக நிற்பார்க்கு உரியதன்று. முப்பது வயதிற் சிகரெட்டை விட்டவர் இழக்க இருந்த பத்தாண்டையும் மீளப் பெறுகின்றனர் என டால் காட்டினார்; அறுபதில் விட்டவரும் மூன்றாண்டு பெறுகின்றனர். விடுதற்கு எந்த வயதும் பிந்தியதன்று. தொடங்காதிருத்தற்கோ செலவுமில்லை, மருந்துமில்லை, ஆய்வும் வேண்டியதில்லை.